முதியோர் மனநலம்: தில்லியில் சட்டம், தாராவியில் மௌனம்

நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறும்போது அதன் ஏதேனும் ஒரு பிரிவு மட்டும் வெளிச்சத்துக்கு வரும். மற்றவை அரசிதழின் பக்கங்களுக்குள் அடங்கிவிடும். 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையும், 2017 மார்ச்சில் மக்களவையும் நிறைவேற்றிய மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதுவே நேர்ந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்ற பிரிவு தலைப்புச் செய்தியானது. அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவில், அரசு அளித்தே தீர வேண்டிய சேவைகளின் வரிசையில், குழந்தைகளுக்கான மனநலச் சேவையுடன் முதியோருக்கான மனநலச் சேவையும் இடம்பெற்றிருப்பது அன்றும் பேசப்படவில்லை, இன்றும் பேசப்படுவதில்லை.

2018-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் வாசகம் தெளிவானது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தச் சேவை கட்டுப்படியாகும் செலவில், தரமாக, போதிய அளவில், எட்டும் தொலைவில், நோயுற்றவரும் அவர் குடும்பத்தாரும் ஏற்கும் விதத்தில் இருக்க வேண்டும். பொது மருத்துவத்தின் எல்லா நிலைகளிலும் மனநல மருத்துவம் இணைக்கப்பட வேண்டும். குறைந்தபட்சச் சேவைகூட ஒரு மாவட்டத்தில் இல்லையென்றால், அம்மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும். இவை அனைத்தையும்விட முக்கியமானது, சம்மதம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம். சிகிச்சையின் நன்மை, தீமை, மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியிலும், புரியும் விதத்திலும் எடுத்துரைத்த பிறகு பெறுவதே சம்மதம் என்கிறது அது.

'புரியும் மொழி' என்ற அந்த இரண்டு சொற்களை மும்பையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தாராவிக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் அங்கே காலூன்றினர். 1887-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும், 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் சாட்சிகள். பின்னர் வந்த தலைமுறையினர் ஆலைகளிலும், துறைமுகத்திலும், மாநகராட்சித் துப்புரவுப் பணியிலும் உழைத்தனர். அதிகாலையில் இட்லிப் பானையுடன் தெருத் தெருவாகச் சென்றவர்களும் இவர்களே. மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்தவர்கள் வேறு வகையினர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ரயில்வேயிலும் பணியாற்றி, ஓய்வூதியம் பெற்றவர்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும், 1952-இல் சண்முகானந்த சபையையும் தோற்றுவித்த சமூகம் அது. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை இரு சாராரும் கண்டனர். இரு சாராரும் நகரைவிட்டுப் போகவில்லை.

அந்தத் தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. வர்க்கத்தாலும் சாதியாலும் வாழ்நாள் முழுதும் விலகியிருந்த இவ்விரு பிரிவினரும் முதுமையில் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றனர். மனம் நோயுறும்போது தம் மொழியில் அதைக் கேட்க ஆளில்லை என்பதே அந்த இடம்.

இந்திய முதியோரின் மனநிலை பற்றிய மிக விரிவான கணக்கை எடுத்த நிறுவனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சற்று வியப்பாக இருக்கும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் சார்பில் இந்திய முதுமை ஆய்வை நடத்திய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், செம்பூரை அடுத்த தேவனாரில்தான் இருக்கிறது. 2017-18-இல் நாடு முழுவதும் 45 வயதைக் கடந்த சுமார் 72 ஆயிரம் பேரைச் சந்தித்து நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முதல் சுற்று முடிவுகள் 2021 ஜனவரியில் வெளியாயின. 60 வயதைக் கடந்தோரில் 8.3 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று கேள்விகள் வழியே தெரியவந்தது. ஆனால், தமக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்து கூறியிருக்கிறார் என்று சொன்னோர் 0.8 சதவீதம் மட்டுமே. பத்துப் பேருக்கு நோய் இருந்தால் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. மற்ற ஒன்பது பேருக்கு, 'வயதானால் அப்படித்தான்' என்பதே நோய்க்கான விளக்கமும் மருந்தும்.

இதே ஆய்வின் தொடர்ச்சியாக 2023-இல் வெளியான மற்றொரு மதிப்பீடு, 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாகக் கூறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10.4 கோடியாக இருந்த முதியோர் எண்ணிக்கை 2031-இல் 19 கோடியைத் தாண்டும் என்று அரசின் கணிப்பே சொல்கிறது. நோய் குறையப் போவதில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

முதுமையின் மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை. முழங்கால் வலி, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை, விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்துவிடும் தூக்கம் என்றுதான் வரும். 'மனசு சரியில்லை' என்று ஒரு மூதாட்டி சொன்னாலும் அதைத் தம் மகளிடம் சொல்வாரே தவிர, மருத்துவரிடம் சொல்லமாட்டார். மருத்துவரிடம் அவர் சொல்வது 'பைர் துக்தா ஹை' என்ற நாலு வார்த்தை பஜார் ஹிந்தியாக இருக்கும். காய்கறி விலை பேசவும், ரேஷன் கடையில் நிற்கவும் அந்த ஹிந்தி போதும். கணவர் இறந்த பிறகு சோறு இறங்கவில்லை, பேரப்பிள்ளைகள் பேசும் மொழி பிடிபடவில்லை, ஊருக்கே போய்விடலாம் என்றால் ஊரில் யாருமில்லை என்பதையெல்லாம் சொல்ல அது போதாது. மருத்துவர் கால்வலி மாத்திரை எழுதித் தருகிறார். அவர்மீது குறை சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டது அவ்வளவுதான்.

மறதிநோயில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, இளமையில் பேசிய மொழிக்கே நோயாளி திரும்புவதைப் பல நாடுகளிலும் மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். ஐம்பது ஆண்டுகள் மும்பையில் ஹிந்தியும் மராத்தியும் பேசித் திரிந்த ஒருவர், எண்பதாவது வயதில் திருநெல்வேலித் தமிழ் மட்டும் பேசத் தொடங்கினால், மும்பையிலேயே பிறந்து வளர்ந்த மருமகளுக்கே பாதிதான் விளங்கும். மருத்துவமனைச் செவிலியருக்கு எப்படி விளங்கும்? குழப்பத்தில் உளறுகிறார் என்று குறிப்பெழுதிவிட்டுப் போவார்கள்.

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு 648 மறதிநோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. ஒரு மொழி மட்டும் அறிந்தோரைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுவோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தலைகாட்டியது. எழுத்தறிவில்லாதோரிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. அதாவது, பிழைப்புக்காக மும்பைத் தெருவில் கற்ற மொழிகள் அந்த முதியவரின் மூளைக்குச் சில ஆண்டுகளைக் கூடுதலாகத் தந்திருக்கக்கூடும். நகரம் அவருக்கு அறியாமல் செய்த உபகாரம் அது. அறிந்து செய்ய வேண்டியதைத்தான் செய்யவில்லை.

மறதியை அளக்கும் கருவிகளின் கதையும் இதற்கு இணையானது. இன்று என்ன தேதி, எந்த மாவட்டம், நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே போனால் என்ன வரும், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று கேட்கும் மேலைநாட்டுத் தேர்வு, பள்ளி வாசலை மிதியாத ஒருவரை நோயாளி என்று காட்டிவிடும். அதனால்தான் 1990-களில் ஹரியாணாவின் பல்லப்கர் பகுதி மக்களுக்காக ஹிந்தியில் தனித் தேர்வு உருவாக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் பன்மொழிச் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. அது முதலில் சரிபார்க்கப்பட்டு வெளியானபோது இடம்பெற்ற இந்திய மொழிகள் ஹிந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து. தமிழுக்கு மட்டும் நேர்ந்த புறக்கணிப்பு என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. அந்த ஐந்தில் மராத்தியும் இல்லை. தாராவியின் தமிழ் மூதாட்டியும் அவருக்கு எதிர்வீட்டு மராத்தி மூதாட்டியும் அந்த வகையில் சமமாகவே விடுபட்டனர்.

தாராவிக்கு மருத்துவமனை இல்லாமல் இல்லை. சாலையைக் கடந்தால் சயானில் மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவும் அங்கே உண்டு. அதன் கிளையாகத் தாராவிக்குள்ளேயே 'சோட்டா சயான்' என்று மக்கள் அழைக்கும் நகர்ப்புறச் சுகாதார மையம் இயங்குகிறது. 2022 இறுதியில் தொடங்கப்பட்ட 'ஆப்லா தவாகானா' என்ற இலவச மருந்தகங்களும் சேர்ந்துகொண்டன. நாட்டின் பல மாவட்டத் தலைநகரங்களைவிட மும்பையின் நிலை மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எலும்பு முறிவுக்கு அது போதலாம், மனச்சோர்வுக்குப் போதாது.

சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் அளித்த 148-ஆவது அறிக்கை, ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இந்தியாவில் இருப்பதாகக் கூறியது. மூன்று பேர் என்ற அளவை எட்ட மேலும் 27 ஆயிரம் மருத்துவர் தேவை என்றும் அது கணக்கிட்டது. அத்தனை பேரை உருவாக்கி முடிப்பதற்குள் இப்போதைய முதியோர் எவரும் இருக்கப் போவதில்லை. ஆகவே மருத்துவர் எண்ணிக்கை உயரட்டும் என்று காத்திருப்பது ஒரு கொள்கையாகாது.

அரசின் திட்டங்களைப் பார்த்தாலோ, ஒவ்வொன்றும் வேறு யாருக்கோ வகுக்கப்பட்டது போலிருக்கிறது. 2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு விரிவுபடுத்தப்பட்டது. வரவேற்க வேண்டிய முடிவு. எனினும் அது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மனச்சோர்வுக்கும் மறதிநோய்க்கும் தேவைப்படுவது பெரும்பாலும் படுக்கை அல்ல. மாதந்தோறும் மருந்து, வாரந்தோறும் பேச்சு, நாள்தோறும் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர். இம்மூன்றுக்கும் அந்த அட்டையில் இடமில்லை.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை (எண் 14416) தமிழிலும் பேசும் என்பது நல்ல செய்தி. செல்பேசி கையிலுள்ள ஓர் இளைஞருக்கு அது கைகொடுக்கும். காது மந்தமான, எண்களை அழுத்தத் தெரியாத, தமக்கு இருப்பது நோய் என்றே அறியாத எண்பது வயதுக்காரர் அந்த எண்ணை அழைப்பார் என்று எதிர்பார்ப்பது தில்லியில் மட்டும் சாத்தியமான கற்பனை. அதிலும், பத்துக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், மருமகளைப் பற்றிய மனக்குறையை ஒருவர் எங்கே நின்று தொலைபேசியில் சொல்வார்?

2010-இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டத்தின்கீழ் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் சென்னை மருத்துவக் கல்லூரியும் மண்டல முதியோர் மையங்களாகத் தேர்வாயின. தாராவியிலிருந்து ஜே.ஜே.க்குச் செல்ல ரயில் ஏற வேண்டும். மும்பை மின்ரயிலில் ஏறுவதற்கு மனவலிமையோடு உடல்வலிமையும் வேண்டும் என்பது அந்நகரை அறிந்தோருக்குத் தெரியும்.

பணத்தைப் பார்ப்போர் 2023-24 நிதிநிலை அறிக்கையைப் புரட்டலாம். மனநலத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 919 கோடி ரூபாய்; சுகாதார அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டில் நூற்றில் ஒரு பங்கு. அதிலும் 721 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துக்கு, 64 கோடி அஸ்ஸாமின் தேஜ்பூர் நிறுவனத்துக்கு, மீதி தொலைபேசிச் சேவைக்கு. பெங்களூரில் பணம் செலவிடுவது தவறல்ல. சட்டத்தின் 18-ஆவது பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் வாக்களித்த சேவைக்கு எந்தப் பையிலிருந்து பணம் வரும் என்பதே கேள்வி. பொறுப்பை மாநிலங்களின் தலையில் வைத்துவிட்டு மத்திய அரசு நகர்ந்துகொண்டது. மாநிலமோ, சட்டப்படி அமைத்த மாநில மனநல ஆணையத்தின் செயல்பாடு குறித்து 2022-இல் மும்பை உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பும் நிலையில் இருந்தது.

வசதியுள்ளோருக்கு இத்தனையும் பொருட்டல்ல என்று கருதினால் அது தவறு. மாதுங்காவின் பழைய அடுக்ககங்களிலும் செம்பூர் சேடா நகரின் குடியிருப்புகளிலும் தனித்தோ, இணையராகவோ வாழும் முதியோரின் பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கின்றனர். பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. கவனித்துக்கொள்ள முகமை அனுப்பும் பணிப்பெண் வேறு மொழி பேசுபவர். திருச்செம்பூர் முருகன் கோயிலின் 108 படிகளைத் தினமும் ஏறியவர், முழங்கால் விட்டுப்போனதும் கோயிலை மட்டுமல்ல, அந்தப் படிகளில் பேசிய நண்பர்களையும் இழக்கிறார். மனநல மருத்துவரிடம் கட்டணம் கொடுக்க அவரால் முடியும். 'அப்பாவுக்கு மனநல மருத்துவரா?' என்று பிள்ளைகள் தொலைபேசியில் அதிர்ச்சியடைவது மட்டும் மாறவில்லை. 1995-இல் மும்பையில் தொடங்கிய டிக்னிட்டி பவுண்டேஷன் போன்ற தொண்டு நிறுவனங்கள் தனிமையைப் போக்கவும் மறதிநோயாளிகளைப் பகலில் பராமரிக்கவும் முயல்கின்றன. தனியார் தொண்டால் ஒரு மாநகரைச் சுமக்க முடியாது.

இப்போது இச்சிக்கலுக்கு ஒரு காலக்கெடுவும் சேர்ந்துவிட்டது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் பெற்ற தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் வீடுவீடான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு கிடைக்கும். பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் வேறிடம். முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பள நிலங்களும், தேவனார் குப்பைக் கிடங்கில் சுமார் 124 ஏக்கரும் அதற்காக 2024-இல் ஒதுக்கப்பட்டன.

திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதம் தனி. சாக்கடையோரம் வாழ்வதைவிட அடுக்குமாடி மேல் என்று விரும்புவோர் தாராவியில் ஏராளம். அவர்கள் விருப்பத்தை வெளியிலிருப்போர் ஏளனம் செய்ய முடியாது. ஆனால் முதியவரின் மனத்துக்கு இடம்பெயர்வு என்ன செய்யும் என்ற கேள்வியை எந்த ஆவணமும் கேட்டதாகத் தெரியவில்லை. நினைவு தளர்ந்த ஒருவர் சந்தைவிட்டு வழிதவறாமல் வீடு திரும்புவது அறிவால் அல்ல, பழக்கத்தால். முறுக்குக் கடை, குழாயடி, மூலையில் பிள்ளையார், 'ஆச்சி, இந்தப் பக்கம் வாங்க' என்று கைபிடித்துத் திருப்பிவிடும் எதிர்வீட்டுப் பையன். இவையே அவரது நினைவின் வெளிப்பகுதி. ஒரே மாதிரியான கதவுகள் வரிசையாக நிற்கும் பதினெட்டாவது மாடியில் இவற்றில் எதுவும் இராது. வாசற்படியில் அமர்ந்து தெருவைப் பார்த்தபடி கழிந்த மாலைப்பொழுதும் இராது. மான்கூர்ட், கோவண்டி பகுதிகளில் முன்பு கட்டப்பட்ட மறுவாழ்வுக் குடியிருப்புகளில், நெருக்கமான கட்டடங்களில் வெளிச்சமும் காற்றும் இன்றிக் காசநோய் பரவியதை 2018-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. உடல்நோயை எண்ணினார்கள். பழுதான மின்தூக்கியால் மாதக்கணக்கில் கீழே இறங்காத முதியோரை யாரும் எண்ணவில்லை.

இதில் மற்றொரு முரணும் இருக்கிறது. 2000-க்கு முந்தைய மின்கட்டண ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறது, வீட்டை யாரிடமிருந்து எப்போது வாங்கியது என்பதெல்லாம் பல வீடுகளில் ஒரு கிழவருக்கு மட்டுமே தெரியும். குடும்பத்தின் உரிமைச் சான்றே அவரது ஞாபகம்தான். அது தேய்ந்துவிட்டால் 350 சதுர அடியும் அதோடு போய்விடக்கூடும்.

முடியாததைக் கேட்பதாக அதிகாரிகள் சொல்லக்கூடும். கோவாவில் முடிந்திருக்கிறது. மனச்சோர்வின் ஆரம்ப அறிகுறிகள் உள்ள 60 வயதைக் கடந்த 181 பேரிடம் அங்கு நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கே சென்று பேசினர். தூக்கத்தைச் சீராக்குவது, அன்றாடப் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்து வழிகாண்பது, சர்க்கரை நோயைக் கவனிப்பது, அரசு உதவிகளைப் பெற்றுத் தருவது ஆகியவையே அவர்கள் செய்தவை. ஓராண்டில், இந்த உதவி பெற்றோரில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மட்டும் மனச்சோர்வு முற்றியது. பெறாதோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு முற்றியது. ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும் மனநலச் சிகிச்சையின் பகுதி என்பதைக் கண்டுகொண்டதே அந்த ஆய்வின் சிறப்பு. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு, 80 வயதுக்குட்பட்டோருக்கு மாதம் 200 ரூபாய் என்ற அளவில் 2007 முதல் நின்றுவிட்டதை நினைத்தால், அந்த விண்ணப்பத்தால் எவ்வளவு ஆறுதல் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், ஏழைகள் வாழும் புறநகர்ச் சுகாதார நிலையங்களின் வாசலில் மரப் பலகை போட்டு, பாட்டிமார்களை ஆலோசகர்களாக அமர்த்தினார் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா. 2016-இல் வெளியான ஆய்வு அந்த முறையின் பயனை உறுதிசெய்தது. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை அந்தப் பாட்டிகள் பயன்படுத்தவில்லை. 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லையே பயன்படுத்தினர். நோய்க்குத் தம் மொழியில் பெயர் கிடைத்ததும் மக்கள் பேசத் தொடங்கினர். தாராவியிலும் மாதுங்காவிலும் அத்தகைய பாட்டிமார்களுக்குப் பஞ்சமில்லை.

வீடுவீடாகச் செல்வது மும்பைக்குப் புதிதுமல்ல. 2020 ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, உள்ளூர்த் தனியார் மருத்துவர்களும் மாநகராட்சி ஊழியர்களும் சந்து சந்தாகச் சென்றனர். முதியோரைத் தேடிப் பிடித்துச் சோதித்தனர். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். தொற்று மற்றவருக்குப் பரவும் என்ற அச்சம் அன்று அரசை நடக்க வைத்தது. மனச்சோர்வு பரவாது, அதனால் யாரும் நடப்பதில்லை. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுசென்றது. மும்பை மாநகராட்சியிடமும் சமூகச் சுகாதாரத் தொண்டர்கள் இருக்கின்றனர். அவர்கள் தாய்மார்களையும் குழந்தைகளையும் தேடிச் செல்லும் அதே வீட்டின் மூலையில்தான் முதியவரும் அமர்ந்திருக்கிறார். தமிழ் பேசும் தெருக்களுக்குத் தமிழறிந்த தொண்டரை அமர்த்தி, நான்கைந்து கேள்விகள் கேட்கப் பயிற்சி தந்து, சோட்டா சயானில் வாரம் ஒரு நாள் மனநல மருத்துவர் அமர்ந்தால், சட்டம் சொல்லும் சேவையின் தொடக்கமாவது கிடைத்துவிடும்.

இதில் தமிழர் அமைப்புகளின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. சபாக்களும் சமாஜங்களும் இருக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் குறைவில்லாமல் நடக்கின்றன. சயான் கோலிவாடா தொகுதியில் 2014 முதல் மூன்று முறை தொடர்ந்து ஒரு தமிழரே சட்டப்பேரவைக்குத் தேர்வாகும் அளவுக்கு வாக்குப் பலமும் இருக்கிறது. விழா மேடைக்குக் கிடைக்கும் கூடத்தை வாரத்தில் இரண்டு பிற்பகல் முதியோருக்குத் திறந்துவிடுவதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

தில்லியின் பக்கம் திரும்பினால், 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத் திருத்த மசோதாவின் கதி நினைவுக்கு வருகிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உணவு, உடை, மருத்துவம் என்று நின்றிருந்தது. முதியோர் நலன் என்பதன் பொருளில் மனநலனையும் சேர்த்தது அந்த மசோதா. வீட்டுக்கே சென்று பராமரிப்போரை ஒழுங்குபடுத்தவும் வழிசெய்தது. மாதம் 10 ஆயிரம் ரூபாய் என்ற ஜீவனாம்ச உச்சவரம்பை நீக்கவும் முன்வந்தது. நிலைக்குழு ஆராய்ந்து 2021 ஜனவரியில் அறிக்கையும் அளித்துவிட்டது. அதன் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் அவை நடந்தது; மசோதா விவாதத்துக்கு வரவில்லை. 2024-இல் 17-ஆவது மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. எதிர்த்துத் தோற்கடிக்கப்பட்ட மசோதா அல்ல அது. எதிர்க்கக்கூட யாரும் அக்கறை கொள்ளாத மசோதா.

மீண்டும் அதைக் கொண்டுவரும்படி வலியுறுத்த தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் தடையேதுமில்லை. மும்பைத் தமிழர் தம் தொகுதி வாக்காளர் அல்லர் என்று அவர்கள் கருதலாம். அந்த முதியோரின் தம்பி தங்கைகள் திருநெல்வேலியிலும் தென்காசியிலும் தூத்துக்குடியிலும் இன்றும் வாக்களிக்கின்றனர். தாராவிக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட உப்பள நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாக இருந்தது. மனநலச் சட்டமும் மத்தியச் சட்டம். ஆகவே, இடம்பெயர்க்கப்படுவோரில் 60 வயதைக் கடந்தவர் எத்தனை பேர், தனித்து வாழ்வோர் எத்தனை பேர், புதிய இடத்தில் 18-ஆவது பிரிவின்படி அவர்களுக்கு எந்த மொழியில், யார் சேவை அளிப்பர் என்று அமைச்சரிடம் கேட்பதற்கு மாநில விவகாரம் என்ற சாக்கும் இல்லை. மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒன்றுக்கு 15 நாள் முன்னறிவிப்பு போதும்.